பாலத்துக்கு இந்தப் பக்கம்: புதிய லைன் லீடர்களுக்குச் சில அறிவுரைகள்

பாசிர் கூடாங், தெப்ராவ், செனாய், தம்போய் என்று எந்தத் தொழிற்பேட்டையில் இருந்தாலும் சரி, நேற்றுவரை ஆபரேட்டராக இருந்து இன்று லைன் லீடராகவோ சூப்பர்வைசராகவோ ஆகியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எண்பதுகளில் ஆபரேட்டராகச் சேர்ந்து, லைனை நடத்தி, உற்பத்திப் பிரிவில் ஓய்வு பெற்றவள் நான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் தட்டுத் தடுமாறிக் கற்றதை நீங்கள் கொஞ்சம் சீக்கிரம் கற்றுக்கொள்ளட்டும் என்பதுதான் என் ஆசை.

மேலிடம் உங்களிடம் கேட்கப்போவது ஓர் எண்: ஓர் ஆளுக்கு, ஒரு மணி நேரத்துக்கு, எத்தனை பீஸ். அந்த எண்ணை உயர்த்த அனுபவம், ஊக்கம், மனநிறைவு என்ற மூன்றும் வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஜொகூர் பாருவில் இந்த மூன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தின் பக்கம் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நிற்கின்றன. 1973 மே மாதம்வரை சிங்கப்பூர் வெள்ளியும் நம் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறின. இப்போது அவர்களின் ஒரு வெள்ளிக்கு நம்முடையது மூன்றுக்கு மேல். நீங்கள் பழக்கி எடுத்த கை, அடுத்த ஆண்டு உட்லண்ட்ஸிலோ துவாஸிலோ வேலை செய்யும்.

சம்பளத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் உங்களுக்குக் கிடையாது. ஆனால் ஓர் ஆள் விழித்திருக்கும் நேரத்தில் பாதி உங்கள் பொறுப்பில் கழிகிறது. அந்த நேரத்தை நடத்துகிற விதத்தில் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் செய்ய முடியும்.

1. எண் குறைந்தால் முதலில் வேலையைப் பாருங்கள், ஆளை அப்புறம் பாருங்கள்.

மூன்று மணிக்கு மேல் லைன் தளர்கிறது என்றால், "சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழிகிறார்கள்" என்ற பதில் எல்லாரிடமும் தயாராக இருக்கும். அதை நம்பிவிடாதீர்கள். லைன் பக்கத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். எந்தக் கை எதற்காகக் காத்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஸ்டோரிலிருந்து வர வேண்டிய டிராலி தேநீர் இடைவேளைக்குப் பிறகு தாமதமாக வரலாம். ஜிக் தேய்ந்துபோய், ஒவ்வொரு போர்டையும் ஓர் அக்கா இரண்டு முறை தட்டி உட்காரவைக்கலாம். சோல்டரிங் முனை கறுத்துப்போய்ச் சூடு இறங்காமல் இருக்கலாம். மாடல் மாற்றும்போது திருகாணி தேடிக்கொண்டு நாலு பேர் சும்மா நிற்கலாம். இவற்றில் எதையும் ஆபரேட்டரின் உற்சாகத்தால் சரிக்கட்ட முடியாது.

மணிக்கு ஒரு தடவை உற்பத்தி எழுதும் பலகை உங்கள் லைனில் இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். காரணத்தை ஆபரேட்டரே எழுதட்டும், தமிழிலோ மலாயிலோ. ஒரு மாதம் கழித்து அந்தத் தாள்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். கூட்டத்தில் பேச அதைவிட வலுவான சாட்சி கிடைக்காது. நீங்கள் ஆள்மேல் பழி போடாமல் காரணம் தேடுகிறீர்கள் என்று தெரிந்தபின்தான் உங்கள் ஆட்கள் உண்மையைச் சொல்லத் தொடங்குவார்கள். மற்ற எல்லாமும் அதற்குப் பிறகுதான் நடக்கும்.

2. அனுபவத்தை வருடக் கணக்கில் அளக்காதீர்கள்.

1936-இல் டி. பி. ரைட் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர் ஒரு கணக்கை வெளியிட்டார். இதுவரை கட்டிய விமானங்களின் மொத்த எண்ணிக்கை இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்குச் செலவாகும் சராசரி உழைப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைகிறது என்பது அதன் சாரம். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவது சுலபம், ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குப் போக நாளாகும். அதனால் முதலில் வேகம் மளமளவென்று ஏறும், பிறகு தட்டையாகிவிடும். நம் லைனிலும் அதையேதான் பார்க்கிறோம். முதல் வாரம் தடுமாறிய பிள்ளை, இரண்டு மூன்று மாதத்தில் பக்கத்து நாற்காலி அக்காவின் வேகத்தைப் பிடித்துவிடுகிறது. "எண்ணிக்கை ஒன்றுதானே, பழைய ஆளுக்கு எதற்குக் கூடுதல் சம்பளம்?" என்று மேலாளர் கேட்பார். உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

அந்தப் பதிலை நான் ரப்பர்த் தோட்டத்தில் கற்றேன். என் பெற்றோர் ரெங்கம் பக்கத்தில் பால் வெட்டியவர்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், விடியும் முன் மரத்தில் கத்தி வைப்பார்கள். கித்தா மரத்தின் பட்டைக்குள்தான் பால் குழாய்கள் இருக்கின்றன. கத்தி ஆழம் போதாவிட்டால் பால் குறையும். ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனாலும் மரத்தின் உயிர்த்தோலில் காயம் பட்டுவிடும். காயம் பட்ட இடத்தில் பட்டை கட்டி கட்டியாக வளரும், பல ஆண்டுகள் கழித்து அதே இடத்துக்கு மறுவெட்டு வரும்போது கத்தி ஓடாது. புதிய வெட்டுக்காரரும் பழையவரும் ஒரே நாளில் ஒரே எண்ணிக்கை மரம் வெட்டிவிடலாம், மங்கில் பாலும் ஒரே அளவு இருக்கலாம். வித்தியாசம் பட்டையில்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க மண்டோர் மரம் மரமாகப் போய்த் தடவிப் பார்க்க வேண்டும்.

ஃபெக்டரியிலும் அனுபவம் அப்படித்தான் ஒளிந்திருக்கிறது. ஃபீடர் சத்தம் மாறினால் நின்றுவிடுவதற்கு முன்பே தலைநிமிர்ந்து பார்க்கும் ஆள், ஃப்ளக்ஸ் வாடை வேறுபட்டால் வெப்பத்தைச் சரிபார்க்கச் சொல்லும் ஆள், ஒரு பை ரெசிஸ்டரின் நிறக்கோடு சரியில்லை என்று லேபிளை மீறிக் கண்டுபிடிக்கும் ஆள். இவர்களால் நடக்காமல் போன கேட்டை உற்பத்தித் தாளில் எழுத இடமே கிடையாது. அதனால் நீங்கள் எழுதுங்கள். திரும்பச் செய்த பீஸ் எத்தனை, தூக்கிப்போட்டது எத்தனை, வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தது எத்தனை என்று இடம்வாரியாகக் கணக்கு வையுங்கள். யாருடைய கையைத் தாண்டிப் பழுது போவதில்லை என்று ஓராண்டில் தெரிந்துவிடும். சம்பள உயர்வுக் கூட்டத்துக்கு அந்தத் தாளோடு போங்கள்.

3. ஒரு கையில் இருப்பதை இன்னொரு கைக்கு மாற்றிவையுங்கள்.

ஒருவர் வேலையை விட்ட பிறகு அவருடைய திறமையைத் தேடி அலைவதைத்தான் பல இடங்களில் பார்க்கிறேன். அவர் இருக்கும்போதே செய்ய வேண்டியது அது.

இரண்டாம் உலகப்போர் நேரத்தில் அமெரிக்காவில் அனுபவமில்லாத லட்சக்கணக்கானவர்களை ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் பழக்க ஒரு பயிற்சிமுறை வகுத்தார்கள். போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போய், அங்கே வேரூன்றியது. அதில் சொல்லிக்கொடுக்கும் முறை நாலே படி. முதலில் கற்பவரை நிதானப்படுத்தி, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேள். பிறகு செய்துகாட்டு, ஒவ்வொரு முக்கியக் கட்டத்தையும் "ஏன்" என்ற காரணத்தோடு சொல். அப்புறம் அவரையே செய்யவிட்டு, அவர் வாயாலேயே காரணத்தைச் சொல்லவை. கடைசியாகத் தனியாக விட்டுவிட்டு அடிக்கடி வந்து பார். இந்த "ஏன்" தான் உயிர். "இப்படிப் பிடி" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், மேற்பார்வை இல்லாதபோது பிடி மாறிவிடும். "இப்படிப் பிடிக்காவிட்டால் உள்ளே இருக்கும் கால் வளைந்துவிடும், டெஸ்டில் தெரியாது, வாடிக்கையாளர் வீட்டில்தான் நின்றுபோகும்" என்று சொன்னால் மாறாது.

சொல்லிக்கொடுக்கும் அக்காவுக்கு அந்த வாரங்களில் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். அவருடைய டார்கெட்டை நீங்களே முன்வந்து குறைத்து, அதை எழுத்தில் வாங்கிவையுங்கள். புதியவருக்குக் கற்றுக்கொடுத்ததற்காக ஒருவர் திட்டு வாங்கினால் அந்த லைனில் அதன்பின் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லித்தர மாட்டார்கள்.

இன்னொன்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 10 அல்லது அதற்கு மேற்பட்ட உள்ளூர்த் தொழிலாளர்களை வைத்திருக்கும் தொழிற்சாலைகள் அவர்களின் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குக் கட்டுகின்றன. அந்தப் பணம் உங்கள் ஆட்களின் பயிற்சிக்கு உரியது. ஆனால் ஆபரேட்டர்வரை அது இறங்கிவருவது குறைவு. மனிதவளப் பிரிவிடம் போய், "இந்த வருடம் என் லைனுக்கு எந்தப் பயிற்சி?" என்று கேளுங்கள். கேட்பவருக்குத்தான் கிடைக்கிறது.

4. புது இயந்திரம் வரும்போது பழைய கையை முதலில் கூப்பிடுங்கள்.

பல வருடம் ஒரே வேலையைச் செய்தவர் மாற்றத்துக்கு முரண்டு பிடிப்பார் என்பது உண்மைதான். அதற்குக் காரணம் வயசு என்று நினைக்கிறோம். இத்தனை வருடம் சேர்த்த மதிப்பு ஒரே நாளில் போய்விடுமோ என்ற பயம்தான் பெரும்பாலும் காரணம். இயந்திரம் பெட்டியிலிருந்து இறங்கும் நாளிலேயே டெக்னீஷியன் பக்கத்தில் அவரை நிறுத்துங்கள். முதலில் கற்றவர் என்ற பெயர் அவருக்கே போகட்டும்.

5. சம்பளத்தைப் பற்றி இளக்காரமாகப் பேசாதீர்கள்.

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியல் அறிஞர் 1959-இல் வெளியான நூலில், சம்பளமும் வேலைச் சூழலும் குறைந்தால் மனக்குறை வரும், அவை நிறைந்துவிட்டதால் மட்டும் ஊக்கம் வந்துவிடாது, சாதித்த உணர்வும் பொறுப்பும் அங்கீகாரமும்தான் ஊக்கம் தரும் என்றார். பயிற்சி வகுப்புகளில் இதைச் சுருக்கி, "பணம் ஊக்கம் தராது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர் ஆராய்ந்தது பிட்ஸ்பர்க்கில் இருந்த பொறியாளர்களையும் கணக்காளர்களையும். மாசாயில் வீட்டு வாடகை கட்டி, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஆபரேட்டர் முன்னால் அந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். அவருக்கு முதல் குறை அதுதான்.

சம்பளத்தை உயர்த்த முடியாவிட்டாலும், கிடைக்க வேண்டியது சென் குறையாமல் கிடைக்கச் செய்ய உங்களால் முடியும். அதற்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. சாதாரண நாளில் ஓட்டிக்கு (கூடுதல் நேர வேலைக்கு) மணிச் சம்பளத்தில் ஒன்றரை மடங்கு. ஒரு மாதத்தில் ஓட்டி 104 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சம்பளச் சீட்டில் இரண்டு மணி நேர ஓட்டி விடுபட்டால் மனிதவளப் பிரிவுக்கு அது சின்னத் தவறு. விடுபட்டவருக்கோ அது ஒரு நாள் சந்தைச் செலவு, அதோடு தன் உழைப்பு யார் கண்ணிலும் படவில்லை என்ற எண்ணமும் சேர்ந்துவிடும். அன்றைக்கே எழுந்துபோய்ச் சரிசெய்து கொடுங்கள்.

கடன் வேலையைக் கெடுக்கும் என்பதை நம் ஊரில் நன்றாகவே பார்க்கலாம். வட்டிக்குக் கொடுக்கும் ஆலோங்கிடம் வாங்கியவரின் கைபேசி லாக்கரில் அலறிக்கொண்டே இருக்கும், அவர் கை இங்கே சோல்டர் செய்துகொண்டிருக்கும், மனசு இங்கே இருக்காது. ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் பொருளியல் அறிஞர்கள் இதைச் சோதித்தார்கள். மொத்தச் சம்பளத்தை மாற்றாமல், சிலருக்கு மட்டும் அதில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்தார்கள். கையில் காசு வந்த அடுத்த நாட்களில் அவர்களின் வேலை கூடியது, கவனப் பிழை குறைந்தது. அதிலும் அதிக வறுமையில் இருந்தவர்களிடம்தான் இந்த மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. உங்கள் கம்பெனியில் சம்பள முன்பணம் தரும் வழி இருந்தால் அதை எல்லாருக்கும் தெரியும்படி சொல்லிவையுங்கள். கேட்க வருகிறவர் நாலு பேர் முன்னால் கேட்க வேண்டிய நிலை வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. ஒரே வேலைக்கு இரண்டு மதிப்பு வைக்காதீர்கள்.

அதே ஒடிசாவில் இன்னொரு ஆய்வு, 2018-இல் வெளியானது. ஒரே வேலையைச் செய்யும் சிறு குழுக்களில் சிலருக்கு மட்டும் கூலி கூட்டிக் கொடுத்தார்கள். குறைவாக வாங்கியவர்களின் வேலை குறைந்தது, வருகையும் குறைந்தது. வேலைக்கு வராவிட்டால் தங்களுக்குத்தான் நட்டம் என்று தெரிந்தும் வராமல் இருந்தார்கள். கூலி கூடியவர் உண்மையிலேயே அதிகம் செய்கிறார் என்பது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில் மட்டும் இந்தச் சோர்வு வரவில்லை. உங்கள் லைனுக்கு இதில் நேரான பாடம் இருக்கிறது. ஊக்கத்தொகை யாருக்கு, எதற்கு, எந்தக் கணக்கில் என்பதைச் சுவரில் ஒட்டுங்கள். மூடி வைத்தால் நியாயமான முடிவுகூட ஓரவஞ்சனையாகத் தெரியும்.

நம்மவர்களிடம் மனம்விட்டு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று உங்கள் லைனில் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மாரிலிருந்து வந்த பிள்ளைகள் நிற்கிறார்கள். மொழி தெரியாது, ஏஜெண்டிடம் கடன், ஹாஸ்டலில் ஓர் அறையில் பல பேர். நம் தாத்தா பாட்டிமார் கப்பலில் வந்து இறங்கிக் கங்காணி முன்னால் நின்றபோது இருந்த அதே நிலை. லயத்தில் வளர்ந்த நாமே அவர்களை "ஏய்" என்று கூப்பிடுவதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அவர்கள் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கடினமான ஸ்டேஷனை எப்போதும் அவர்கள் தலையிலேயே கட்டாதீர்கள். தமிழ்ப் பிள்ளை என்பதற்காக லேசான வேலையைக் கொடுத்தால் அந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் நீங்கள் நல்லது செய்யவில்லை. மற்ற எல்லாரும் சேர்ந்து அவர்மேல் வெறுப்பைச் சேர்த்துவைப்பார்கள்.

7. ஊக்கப் பேச்சைக் குறைத்து, ஆலோசனைக்குப் பதில் சொல்லுங்கள்.

காலைக் கூட்டத்தில் கை தட்டச் சொல்லிக் கோஷம் போடவைப்பதால் வரும் சூடு முதல் தேநீர் இடைவேளைவரை நிற்காது. தான் சொன்ன ஒன்று லைனில் நடந்திருப்பதைக் கண்ணால் பார்க்கும் ஆபரேட்டரின் ஊக்கம் வருடக்கணக்கில் நிற்கும்.

1982-இல் கிழக்கை நோக்கும் கொள்கை வந்த பிறகு ஜப்பானியத் தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாட்டு வட்டங்கள் நம் நாட்டில் பரவின. 1962-இல் தொடங்கி இன்று மலேசிய உற்பத்தித்திறன் கழகமாக இருக்கும் அமைப்பு அந்த வட்டங்களுக்குப் போட்டி மாநாடுகளும் நடத்தியது. ஐந்தாறு ஆபரேட்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஒரு பிரச்சினையை எடுத்து, காரணத்தை மீன்முள் படமாக வரைந்து, தீர்வைச் செய்துகாட்டுவார்கள். மேலாளர் முன் வாய் திறக்காத தோட்டத்துப் பெண்கள் மேடையில் நின்று, தங்கள் கணக்கைத் தாங்களே விளக்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வட்டங்கள் சில இடங்களில் வெறும் போட்டிக்கான அலங்காரமாகத் தேய்ந்துபோனதையும் பார்த்தேன். தேய்ந்த இடங்களில் எல்லாம் காரணம் ஒன்றே: ஆலோசனையை வாங்கிப் பெட்டியில் போட்டார்கள், பதில் சொல்லவில்லை.

அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். யார் எதைச் சொன்னாலும் ஒரு வாரத்துக்குள் பதில். முடியும் என்றால் எப்போது, முடியாது என்றால் ஏன். முடியாது என்ற பதிலையும் காரணத்தோடு கேட்டவர் அடுத்த ஆலோசனையோடு வருவார்.

வகுப்பில் உங்களுக்கு ஹாதோர்ன் கதையையும் சொல்வார்கள். சிகாகோ பக்கத்தில் இருந்த தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகள் அவை. ரிலே பூட்டும் பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்து, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். எதை மாற்றினாலும் உற்பத்தி ஏறியது, கவனித்ததே ஊக்கமாகிவிட்டது என்று முடிப்பார்கள். அதில் விடுபடும் பகுதியையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தச் சிறிய குழுவுக்குக் கூலி கணக்கிடும் முறையையும் மாற்றியிருந்தார்கள், அதிகம் செய்தால் பலன் நேராக அவர்களுக்கே வந்தது. பேச்சு அதிகம், ஒத்துழைப்பு இல்லை என்று சொல்லி இரண்டு பெண்களை 1928-இல் மாற்றிவிட்டு வேறு இருவரை உட்காரவைத்தார்கள். பக்கத்தில் நின்று புன்னகைத்தால் மட்டும் எண் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கவனிப்பும் வேண்டும், நியாயமான பங்கும் வேண்டும்.

8. திட்டுவதென்றால் தனியாக. பாராட்டுவதென்றால் குறிப்பாக.

"சூப்பர், நல்லா செய்றீங்க" என்பது காற்றோடு போய்விடும். "நேற்று இரண்டாவது ஷிப்டில் அந்த லாட்டை நிறுத்திவைத்தீர்களே, அதனால் முழுக் கண்டெய்னர் தப்பியது" என்று சொல்லிப் பாருங்கள்.

9. மனநிறைவு இருந்தால் வேகம் தானாக வரும் என்று எண்ணாதீர்கள். மனநிறைவு போனால் ஆள் போய்விடுவார் என்பதை மறக்காதீர்கள்.

வேலையில் மனநிறைவுக்கும் வேலைத் திறனுக்கும் எவ்வளவு தொடர்பு என்று அறிஞர்கள் நெடுநாளாக ஆராய்ந்துவருகிறார்கள். 1985-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தொடர்பு மிகக் குறைவு, 0.17 அளவுதான் என்றார்கள். 2001-இல் 312 மாதிரிகளை வைத்துத் திரும்பக் கணக்கிட்டபோது 0.30 வந்தது. பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, ஒன்று என்றால் முழுத் தொடர்பு. ஆக, தொடர்பு இருக்கிறது, ஆனால் நடுத்தரமானது. இந்த எண்களைப் படிக்கும் முன்பே லைனில் இதைப் பார்த்தேன். சிரித்துப் பேசிக்கொண்டு மெதுவாக வேலை செய்பவரும் உண்டு. மனம் கசந்துபோய், வாய் திறக்காமல், எல்லாரையும்விட வேகமாகச் செய்பவரும் உண்டு. நீங்கள் கவலைப்பட வேண்டியது இரண்டாமவரைப் பற்றி. அவருடைய கசப்பு உற்பத்தித் தாளில் தெரியாது. ராஜினாமாக் கடிதத்தில்தான் தெரியும்.

வேறு ஊரில் கசந்துபோன ஆள் வேறு வழியில்லாமல் சகித்துக்கொண்டு இருப்பார். இங்கே அவருடைய மைத்துனரோ பக்கத்து வீட்டுக்காரரோ ஏற்கெனவே பாலத்தைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருக்கிறார், ஒரு போன் போதும். அதனால்தான் ஜொகூர் பாருவில் மனநிறைவின் விலை அதிகம் என்கிறேன். எம்.சி. (மருத்துவ விடுப்பு) கூடுவது, ஓட்டிக்குக் கேட்டால் தலையாட்டாமல் இருப்பது, கேண்டீனில் தனியாக உட்காருவது, முன்பு சொல்லிவந்த ஆலோசனைகள் நின்றுபோவது ஆகியவற்றைக் கவனித்தால், கடிதம் வருவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே அறிகுறி கிடைத்துவிடும்.

கசப்பு பெரும்பாலும் பெரிய விஷயத்தில் தொடங்குவதில்லை. கழிவறைக்குப் போகக் கையை உயர்த்திக் காத்திருப்பது, கேண்டீனில் காய்கறி கெட்டுப்போய் இருப்பது, குளிரூட்டியின் நேர்க் காற்றில் எட்டு மணி நேரம் உட்காருவது, தீபாவளி விடுப்பைக் கடைசி வாரம்வரை இழுத்தடிப்பது. இந்தக் கடைசியை நீங்கள் ஜனவரியிலேயே முடித்துவிடலாம். தைப்பூசம், சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், தீபாவளி என்று நாலையும் ஒரே தாளில் எழுதி, யாருடைய பெருநாளுக்கு யார் ஈடுகொடுப்பது என்று எல்லாரையும் வைத்துப் பேசி முடிவெடுங்கள். மலாய்த் தோழியின் நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் ஷிப்டை நீங்கள் ஏற்றால், தீபாவளிக்கு முதல் நாள் அவர் உங்களை அனுப்பிவைப்பார். நான் பார்த்தவரையில் ஒரு லைன் குடும்பம்போல் ஆனது இந்த ஏற்பாட்டால்தான்.

10. தூக்கத்துக்கு இடம் கொடுங்கள்.

கணவன் சிங்கப்பூருக்கு நாலு மணிக்கு எழுந்து கிளம்பினால் மனைவிக்கும் நாலு மணிக்குத்தான் விடியும். அந்த மனைவி உங்கள் லைனில் இருக்கிறார். சென்னையில் குறைந்த வருமானக்காரர்களைக் கணினியில் தரவு பதியும் வேலைக்கு அமர்த்தி நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. இரவில் சராசரியாக அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கவைத்துப் பார்த்தார்கள். வீட்டுச் சத்தத்திலும் வெக்கையிலும் விட்டுவிட்டு வரும் தூக்கம் அது, அதனாலோ என்னவோ வேலை கூடவில்லை. பகலில் வேலையிடத்திலேயே அமைதியான இடத்தில் அரை மணி நேரம் கண்ணயர்ந்தவர்களிடம் வேலைத் திறனும் கவனமும் கூடின, மனமும் தெளிந்தது. சாப்பாட்டு இடைவேளையில் யாராவது தலை சாய்த்தால் சோம்பல் என்று எழுதிவிடாதீர்கள். விளக்கணைத்த ஓர் அறை, சில பாய்கள், எழுப்பிவிட ஓர் ஆள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் உள்ள இடங்களில் இது கட்டாயம் வேண்டும் என்பேன்.

11. போகிறவரைக் குற்றவாளியாக்காதீர்கள்.

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு 4 கிலோமீட்டர் ரயில் பாதை, ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச்செல்லும் அளவில் திட்டமிட்டது. அது போவதை இன்னும் சுலபமாக்கும். 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார வட்டார ஒப்பந்தமோ புதிய வேலைகளை இந்தப் பக்கம் கொண்டுவருவதற்காக ஏற்பட்டது. ஆகவே ஆட்கள் இரண்டு திசையிலும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், அதைத் துரோகமாகப் பார்த்தால் நீங்கள்தான் நொந்துபோவீர்கள்.

போகலாமா என்று ஒரு தம்பி உங்களிடம் யோசனை கேட்டால், உங்கள் லைன் எண்ணை மறந்துவிட்டு அவருக்காகக் கணக்குப் போடுங்கள். அங்கே கிடைக்கும் சம்பளம், பயணத்துக்கு நாளொன்றுக்குப் போகும் மணி நேரம், பெட்ரோல், மழை, பிள்ளையைப் பார்க்கும் நேரம், பெர்மிட் புதுப்பிக்காவிட்டால் என்ன என்ற கேள்வி. இத்தனையும் போட்ட பிறகும் போவதுதான் அவர் குடும்பத்துக்கு நல்லது என்றால் போகச் சொல்லுங்கள். கடன் அடைக்க, வீடு வாங்க முன்பணம் சேர்க்கப் போய், நினைத்ததை முடித்தவர்கள் நம் சமூகத்தில் நிறையப் பேர்.

கடைசி வாரத்தில் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த லைனில் உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் எது? எதை நாங்கள் மாற்றியிருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்கள்? முதல் பதிலை வேலைக் குறிப்பில் சேருங்கள். இரண்டாவதை மேலாளரிடம், ஆள் பெயர் சொல்லாமல், சொன்னபடியே கொண்டுபோய்ச் சேருங்கள். இப்படி நாலைந்து பேர் சொன்னது ஒன்றாக இருந்தால் அது குறை சொல்வோரின் புலம்பல் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

போனவர்களில் சிலர் திரும்பி வருவார்கள். அப்பா அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகும், பிள்ளை படிவம் ஒன்றுக்குப் போகும், விடியற்காலை மழையில் மோட்டார் ஓட்ட முழங்கால் இடம் கொடுக்காது. அவர்கள் உங்களிடமிருந்து கற்றதோடு, அங்கே கற்றதையும் சேர்த்துக்கொண்டு வருவார்கள். மனிதவளப் பிரிவு அவர்களைப் புதிய ஆள் சம்பளத்தில் சேர்க்கப் பார்க்கும், "தானே போனவர்தானே" என்று சொல்லும். அப்போது பழைய பழுதுக் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு போய், அவர் இருந்த வருடத்தின் எண்ணையும் இல்லாத வருடத்தின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர் அனுபவத்துக்கு உரிய சம்பளத்துக்காக உட்கார்ந்து வாதாடுங்கள்.